பேர் கூப்பிடுகிற நேரம்

அத்தியாயம் 14

போன கிழமை ஒரு தொலைபேசி அடிக்க அடிக்க உங்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். கோபிக்காதீர்கள். நாங்களும் அந்தச் சத்தத்தோடுதான் இந்தக் கிழமை முழுக்க இருந்தோம். வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு மட்டும் இறங்கியது; அதற்கும் சேர்த்துப் பேச்சு வாங்கினேன்.

நடுவில் வந்து குந்தியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் எமில்ராஜ். குருநகரில் போட் எஞ்சின் திருத்துகிறவன். என் மனைவி கத்தரீனா என்னைத் திருத்துகிறவள். அந்த வேலை இன்னும் முடியவில்லை. மகள் றஜனி தபால் கந்தோரில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறாள். மகன் றஜிந்தன் கனடாவுக்குப் போனான். அங்கே படித்து முடித்து ஏதாவது வங்கியில் கழுத்துப் பட்டியோடு இருப்பான் என்று நாங்கள் பார்த்திருக்க, அவன் போய்க் கனடா ஆமியில் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டான். இப்போது லத்வியா என்கிற குளிர் நாட்டில், ஒரு காட்டுக்குள் நிற்கிறான்.

எங்கள் குறுகிய ஒழுங்கையில் 'ஆமி' என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்வது என்று எங்களுக்கு இன்னமும் பிடிபடவில்லை. கத்தரீனா, "மோனுக்கு அரசாங்க வேலை" என்பாள். நான், "வெளிநாட்டிலை எஞ்சின் வேலை" என்பேன். கவச வண்டி எஞ்சின் திருத்துகிறான், ஆகையால் அது முழுப்பொய்யும் அல்ல.

பக்கத்து வீட்டு யோசப்பினுக்கு மட்டும் எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. சீருடையில் எடுத்த படத்தைக் கத்தரீனா பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டிய அன்றோடு அவள் எங்களோடு கதைப்பதை விட்டுவிட்டாள். அவளுடைய தம்பி ஜெறோமைச் சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை சீருடைக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு செய்தியும் இல்லை. அதுதான் அந்தக் கதையே.

சரி, பார்சலுக்கு வருவோம்.

காட்டுப் பயிற்சி என்றால் பொடியளின் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடுவார்களாம். வெளியுலகத்திலிருந்து உள்ளே வருவது தபால் மட்டும்தான். பின்னேரங்களில் சார்ஜன்ட் தபால் சாக்கோடு வந்து நின்று பேர் கூப்பிடுவாராம்.

"என்ரை பேர் ஒருநாளும் வராது, அம்மா" என்று போன முறை சொன்னான். "அதுவும் நல்லதுதான். என்ரை பேரைச் சொல்லப் போனால் அந்த மனிசன்ரை பல்லு உடைஞ்சிடும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். கத்தரீனா சிரிக்கவில்லை.

அடுத்த நாளே கட்டா மீன் கருவாட்டைப் பார்சல் கட்டத் தொடங்கிவிட்டாள். தபாலில் அனுப்பலாம் என்று கொண்டுபோனால், பெற்ற மகளே கவுண்டருக்குப் பின்னால் இருந்து, "கருவாடு ஏத்தேலாது அம்மா, அடுத்த ஆள் வாங்கோ" என்றுவிட்டாள். அதனால் இளைப்பாறிய வாத்தியார், இணுவில் அருளம்பலம் மாஸ்டரைப் பிடித்தேன். அவருடைய தோட்டத்துத் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு நான்தான் வைத்தியன். மகனைப் பார்க்க ரொறொன்ரோ போகிறார். அங்கிருந்து ஆமித் தபாலில் போட்டால் நேரே காட்டுக்குள் போய்விடும்.

"உள்ளுக்கு என்ன?" என்று கேட்டார்.

"பேப்பர் மாஸ்டர். பொடியன் ஊர்ப் பேப்பர் கேட்டவன்" என்றேன்.

மாஸ்டர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்.

பார்சல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் இருந்தபோதுதான் போன கிழமை அந்தத் தொலைபேசி வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல். மகனின் பேரைச் சொன்னது. 'பார்சல்' என்றது. அதோடு தொடர்பு அறுந்துபோனது. பிறகு ஒரு குறுஞ்செய்தி: படைக் குடும்பங்களின் நலன் பார்க்கும் அதிகாரி, சனிக்கிழமை வீடியோவில் வருவார், குடும்பத்தார் எல்லோரும் இருந்தால் நல்லது.

இன்று சனிக்கிழமை.

*

"எல்லாரும் இருக்கட்டாம் எண்டால் என்ன அர்த்தம்?" கத்தரீனா விடியலிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆளை வேலையாலை நிப்பாட்டினால்தான் எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுச் சொல்லுவினம்."

"அம்மா, நலன் பாக்கிற ஆள். நிப்பாட்டுறது வேறை ஆக்கள்" என்றாள் றஜனி. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நலம் விசாரிச்சுப் போட்டுத்தானே கெட்ட செய்தி சொல்லுறது?"

றஜனி எழும்பிப் போய்த் தொலைபேசியைச் சார்ஜில் போட்டாள்.

கத்தரீனா முதற்பூசைக்குப் போய்வந்து, நல்ல சேலையை மாற்றாமலே குசினிக்குள் அடுப்படியில் நின்றாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காபரேற்றரைக் கழற்றிப் பூட்டினேன். பூட்டிய பிறகு ஒரு ஆணி மிச்சம் இருந்தது. அதைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கெட்ட நேரத்தில் கெட்ட சகுனத்தை வெளியே விடக்கூடாது.

"இஞ்சேருங்கோ" என்றாள் கத்தரீனா. "பேப்பராலை ஏதும் பிழை வந்திருக்குமோ?"

"பேப்பராலை என்ன பிழை?"

"செத்த ஆக்களின்ரை படம் ஒண்டும் போகேல்லைத்தானே?"

இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஊர்ப் பேப்பரில் உயிரோடு இருப்பவர்களை விடச் செத்தவர்களுக்குத்தான் இடம் அதிகம். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என்று பக்கம் பக்கமாக முகங்கள். தூர தேசத்தில் துவக்குத் தூக்கி நிற்கும் பிள்ளைக்குப் போகிற கருவாட்டை அந்த முகங்களால் சுற்றலாமா? சுற்றக்கூடாது என்பது கத்தரீனாவின் கட்டளை. செத்தவர் இல்லாத பக்கமாகத் தேடிக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு மாதத்துப் பேப்பரைப் புரட்டினேன். செத்தவர் இல்லாத பக்கம் ஒன்றே ஒன்றுதான்: மணமகன் தேவை, மணமகள் தேவை. ஞாயிறுக்கு ஞாயிறு அது வரும். கருவாடு முழுவதையும் அதால்தான் சுற்றினோம்.

"ஒரு செத்த ஆளும் போகேல்லை" என்றேன். "எல்லாம் கலியாணத்துக்கு நிக்கிற ஆக்கள்தான்."

முற்றத்தில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. கார்த்திகை மழை. போன கிழமை காயப் போட்ட மீன் எல்லாம் படங்கு விரிப்புக்குக் கீழே ஈரம் ஊறி, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் யோசப்பின் தன் கருவாட்டைப் புரட்டிப் போடும் சத்தம் சீராகக் கேட்டது. எந்த மழைக்கும் அவளுடைய கருவாடு மட்டும் நனையாது. ஓலைக் கொட்டிலுக்குள் கயிறு கட்டி வைத்திருக்கிறாள். ஒழுங்கை முழுக்க அந்த வாசம் வரும், அவள் வரமாட்டாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

அருளம்பலம் மாஸ்டர். கனடாவிலிருந்து வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றாமலே உள்ளே வந்தார்.

"எமில். நான் மீன், மச்சம் தொடாதவன் எண்டு உமக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும் மாஸ்டர். இருங்கோ."

"இருக்க வரேல்லை. நீர் எனக்கு என்ன சொல்லித் தந்தனீர்?"

"பேப்பர்."

"என்ன இருந்தது?"

"பேப்பரும் இருந்தது, மாஸ்டர்."

"கருவாட்டைச் சுத்தி இருந்தது!" ஹெல்மெட்டுக்குள் அவருடைய குரல் கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்டது. "என்ரை பேத்தியின்ரை அரங்கேற்றம். அதே சூட்கேசுக்குள்ளை இருந்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போறன். முன் வரிசையிலை இருந்தவை எல்லாரும் குனிஞ்சு தங்கடை தங்கடை சப்பாத்தைப் பாத்தினம். பிறகு நிமிந்து என்னைப் பாத்தினம்!"

றஜனி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

"மருமகள் நல்ல பிள்ளை. மூக்கைப் பொத்திக்கொண்டு போய் ஆமித் தபாலிலை போட்டவ. நானெண்டால் ரொறொன்ரோ ஏரிக்குள்ளை எறிஞ்சிருப்பன்."

கத்தரீனா குசினியிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள். "பிழை என்னிலை, மாஸ்டர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் இண்டைக்கு எங்களைப் பேசுறதுக்கு இன்னொரு ஆள் வரிசையிலை நிக்குது. அது முடியட்டும். பிறகு நீங்கள் பேசுங்கோ, நான் நிண்டு கேக்கிறன்."

மாஸ்டர் அப்போதுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்ன நடந்தது?"

றஜனி சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, பால்மா ரின்னில் சாத்தி வைத்திருந்த தொலைபேசி அடித்தது.

*

திரையில் ஒரு நடுத்தர வயதுப் பெண். சீருடை. அவருக்குப் பின்னால், சுவரோடு சுவராக, நிமிர்ந்து நிற்கிறான் என் மகன். மெலிந்திருந்தான். காது இரண்டும் முன்னை விடப் பெரிதாகத் தெரிந்தன.

அந்த அம்மா வாயைத் திறக்க முன்னமே கத்தரீனா தொடங்கிவிட்டாள். லத்வியா தூரம் என்பதால் லத்வியாவுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"பிள்ளை! அவனிலை ஒரு பிழையும் இல்லை! கருவாடு வைச்சது நான்! அவன் கேக்கவும் இல்லை!"

நானும் சும்மா இருக்கக்கூடாதென்று எழும்பினேன். எஞ்சின் பெட்டிகளில் வாசித்துப் பழகிய ஆங்கிலம் என்னுடையது. "மேடம், மை மிஸ்டேக். மானுஃபக்சரிங் மிஸ்டேக்" என்றேன்.

அதிகாரி அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் ஒரு கதிரை அசைந்தது. அருளம்பலம் மாஸ்டர் எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, முன்னால் வந்து நின்றார். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கிற அந்தப் பழைய ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். றஜனி பிறகு எனக்கு அதைத் தமிழில் சொன்னாள்:

"அம்மணி, அந்தப் பார்சலைக் கனடாவுக்குக் கொண்டுபோனவன் நான். உள்ளே இருப்பது மீன் என்று தெரிந்தே கொண்டுபோனேன். இந்தக் குடும்பத்தைக் குறை சொல்லவேண்டாம். பொறுப்பு என்னுடையது."

வாழ்நாளில் முட்டையைத் தொடாத மனிதர், எங்களுக்காக ஒரு கட்டாக் கருவாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். சேட்டுப் பைக்குள் இருந்த ஆணியைத் தடவிக்கொண்டேன்.

திரையில் அதிகாரி அம்மா கையால் வாயை மூடினார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதை றஜனி தபால் கந்தோர்க் குரலில் மொழிபெயர்த்தாள். "ஒரு பிரச்சினையும் இல்லையாம். நன்றி சொல்லத்தான் எடுத்தவவாம். மிச்சத்தைத் தம்பி சொல்லுவானாம்."

றஜிந்தன் முன்னுக்கு வந்தான். "அம்மா, என்ரை பேர் கூப்பிட்டவங்கள்."

கத்தரீனா திரைக்குக் கிட்டப் போனாள்.

"நல்ல மழை. எல்லாரும் கூடாரத்துக்குள்ளை. சார்ஜன்ட் சாக்கை அவிழ்க்க முதலே மணம் வந்திட்டுது. எலி செத்துக் கிடக்குது எண்டு அவனவன் சப்பாத்துக்குள்ளை எல்லாம் தேடுறான். எனக்கு மட்டும் தெரியும். பிறகு அந்த மனிசன் பார்சலைத் தூக்கிப் பாத்திட்டு, 'றா... றாஜ்...' எண்டு தொடங்கினார். பிறகும் தொடங்கினார். ஏலாது. கடைசியிலை கூடாரத்திலை நிண்ட எல்லாருமாச் சேந்து சொல்லிக் குடுத்தாங்கள்."

"உன்ரை பேரையோ?" என்றாள் கத்தரீனா.

"ஓம்."

"முழுசாவோ?"

"றஜிந்தன் எமில்ராஜ். காடு முழுக்கக் கேட்டிருக்கும், அம்மா."

கத்தரீனா மெல்லக் கதிரையில் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கலியாணத்தன்று கோயிலில் பார்த்ததற்குப் பிறகு அப்படி என்னைப் பார்த்ததில்லை. அன்றும் எனக்காகத்தான் பார்த்தாளா என்று நிச்சயம் இல்லை.

"பிறகு?" என்று அதட்டினார் மாஸ்டர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"பிறகு சார்ஜன்ட், இதைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டு வா எண்டிட்டார். நான் மண்வெட்டி எடுக்கப் போறன், ஒருத்தன் 'நில்' எண்டு கத்தினான். நியூபவுண்லாந்துப் பொடியன். கனடாவின்ரை கிழக்குக் கரை, கடலடி ஊர். தேப்பன் மீன்பிடி. அவன் கிட்ட வந்து, கண்ணை மூடி மணந்து பாத்திட்டுச் சொல்லுறான், 'இது எங்கடை வீட்டுப் பின்வளவு' எண்டு."

"பாத்தியளே!" என்றாள் கத்தரீனா என்னைப் பார்த்து, ஏதோ நான் தாட்டுப்போடச் சொன்னதுபோல.

"அவன்தான் அடுப்புத் தகட்டிலை போட்டு வாட்டினவன். பாணோடை எல்லாரும் திண்டவங்கள். சார்ஜன்ட் கடைசி மட்டும் வேண்டாம் எண்டு நிண்டவர். கடைசியிலை பேப்பரிலை ஒட்டியிருந்த தூளைச் சுரண்டித் திண்டது ஆர் எண்டு நான் சொல்லமாட்டன். உயர் அதிகாரியைக் காட்டிக் குடுக்கக்கூடாது."

"பேப்பர் எல்லாம் கிடைச்சதோ, தம்பி?" என்று கேட்டாள் றஜனி.

றஜிந்தன் தலையில் கை வைத்தான். "அக்கா, அதை ஏன் கேக்கிறாய்! எந்தப் பக்கத்தைப் பிரிச்சாலும் மணமகள் தேவை, மணமகன் தேவை. என்ன எழுதியிருக்குது எண்டு கேட்டாங்கள், நானும் விசரன் மாதிரி வாசிச்சுச் சொல்லிப்போட்டன். அம்மா எனக்குப் பொம்பிளை பாத்து, தெரிவு செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறா எண்டு முடிவு கட்டிட்டாங்கள். இப்ப கூடாரத்திலை ஒரு குழு போட்டு வைச்சிருக்கினம். சார்ஜன்டுக்குத் தெல்லிப்பழை ரீச்சரைத்தான் பிடிச்சிருக்குதாம். நியூபவுண்லாந்தான் வவுனியா நேர்சை விட்டிடாதை எண்டு நிக்கிறான்."

"அந்தத் தெல்லிப்பழைப் பிள்ளை கத்தோலிக்கமோ எண்டு பாத்தவையோ?" என்று கேட்டாள் கத்தரீனா. பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. உண்மையாகத்தான் கேட்டாள்.

அதிகாரி அம்மா திரும்பவும் திரைக்கு வந்தார். அவர் கேட்டது இவ்வளவுதான்: டிசம்பரில் வரும் நத்தாருக்கு இன்னொருமுறை அனுப்ப முடியுமா? கூடாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு போதும். ஆனால் இந்த முறை காற்றை இழுத்து இறுக்கி ஒட்டி, வெளியே மீன் என்று எழுதி அனுப்பவேண்டும். தபால் பிரிக்கும் அறையில் வேலை செய்கிறவர்களின் நலனையும் அவர்தான் பார்க்கிறாராம்.

"சொல்லு, அனுப்புறம் எண்டு!" கத்தரீனா எழுந்தே விட்டாள். "ஆளுக்கு ஒரு துண்டென்ன துண்டு, ஆளுக்கு ஒரு மீன்!"

நேரம் முடிகிறது என்று யாரோ உள்ளே சொன்னார்கள். றஜிந்தன் தொலைபேசிக்குக் கிட்ட வந்தான். குரலைக் குறைத்தான்.

"அம்மா, ஒரு விசயம். எங்களோடை ஒரு பொடியன் நிக்கிறான். தாய் தேப்பன் ஆரெண்டு தெரியாது. வீடு வீடா மாறி வளந்தவன். பேர் கூப்பிடுற நேரம் வந்தால், ஜெனரேற்றரைப் பாத்திட்டு வாறன் எண்டு வெளியிலை போயிடுவான். முந்தி நானும் அவனோடைதான் போய் நிக்கிறனான். ரெண்டு பேருமா அந்த மெசினைச் சும்மா பாத்துக்கொண்டு நிப்பம். இப்ப நான் உள்ளை நிக்கிறன். அவன் தனிய..."

படம் உறைந்தது. மகனின் வாய் பாதி திறந்தபடி நின்றது. பிறகு திரை கறுத்துப்போனது.

*

வீட்டுக்குள் திருநாள்போல் இருந்தது. மாஸ்டர் தன்னுடைய ஆங்கிலத்தை எனக்கு இன்னொருமுறை சொல்லிக் காட்டினார். றஜனி தாயைக் கட்டிப்பிடித்தாள். நான் என் 'மானுஃபக்சரிங் மிஸ்டேக்'கைப் பற்றி ஒருவரும் கேட்காததையிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

கத்தரீனா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ரெண்டு பார்சல்" என்றாள். "ஒண்டு கூடாரத்துக்கு. மற்றது அந்தப் பொடியனுக்கு, தனியா. அவன்ரை பேரிலை. அவனைக் கூப்பிட்டுக் குடுக்கவேணும்."

"எந்தக் கருவாட்டை அனுப்புறது?" என்றேன்.

எல்லோரும் முற்றத்தைப் பார்த்தோம். படங்குக்குக் கீழே பூஞ்சணம். வானம் மறுபடியும் இருண்டு வந்தது. இந்த மழைக்குள் ஒரு மீனும் காயாது. நத்தாருக்குப் போய்ச் சேரவேண்டுமென்றால் இந்தக் கிழமையே ஊரை விட்டுப் போகவேண்டும். கடையில் வாங்கலாம்தான். ஆனால் கடைக் கருவாட்டைத் தன் பேரில் அனுப்பக் கத்தரீனாவின் மானம் இடம் கொடுக்காது.

"உங்கை பக்கத்து வீட்டிலை இருக்குது" என்றேன்.

"தெரியும். எந்த முகத்தோடை போய்க் கேக்கிறது?"

"என்ரை முகத்தோடை போறன். அதிலை கெட்டுப்போக இனி ஒண்டும் இல்லை."

தைரியமாக வாசல் படலை வரைக்கும் போனேன். 'அக்கா, எங்கடை ஆமிக்குக் கொஞ்சம் கருவாடு' என்று சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை. 'அக்கா, நத்தார் வருது' என்று தொடங்கிப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை. படலைக்கு எண்ணெய் போட்டால் நல்லது என்று யோசித்தபடி திரும்பி வந்தேன்.

வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மீன் புரட்டும் சத்தம் இல்லை. கத்தரீனா லத்வியாவுக்குக் கத்தியதும், எல்லோருக்கும் கேட்கவென்று றஜனி தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்ததும், றஜிந்தன் சொன்னதும், எல்லாமே அந்தப் பக்கம் போயிருக்கும்.

"எடியே, கத்தரீனா."

நாங்கள் நால்வரும் அப்படியே நின்றோம். ஒரு வருசத்துக்கு மேல் கேட்காத குரல்.

மதிலுக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. கைகளில் ஒரு பெரிய பொதி. கத்தரீனா ஓடிப்போய் எட்டி வாங்கினாள்.

"அக்கா..."

"உன்ரை மோனுக்கு இல்லை" என்றாள் யோசப்பின். முகம் தெரியவில்லை. "வெளியிலை போய் நிக்கிறானே, அந்தப் பொடியனுக்கு. மிச்சம் இருந்தால் மற்றவையும் தின்னட்டும்."

"ஓம் அக்கா."

"பேரென்ன அவனுக்கு?"

கத்தரீனா என்னைப் பார்த்தாள். நான் றஜனியைப் பார்த்தேன். றஜிந்தன் அதைச் சொல்லவேயில்லை.

"கேக்கேல்லை, அக்கா" என்றாள் கத்தரீனா.

மதிலுக்கு மேலே இருந்த கைகள் மறைந்தன. யோசப்பின் போய்விட்டாள் என்று நினைத்தோம். போகவில்லை.

"நான் ஜெறோமுக்குக் கொண்டுபோன பார்சலிலை பேர் வடிவா எழுதித்தான் குடுத்தனான்" என்றாள். "ஆமிக் காம்ப் வாசலிலை நிண்டு உள்ளுக்கு இருக்கிற ஆக்களின்ரை பேர் வாசிச்சவங்கள். அவன்ரை பேர் வரேல்லை. நான் திருப்பிக் கொண்டுவந்தனான்." மூச்சு ஒன்று இழுபட்டது. "இவன்ரை பேரைக் கேட்டு எழுது. பிழை இல்லாமல் எழுது. கூப்பிட்டவங்களோ எண்டு எனக்கு வந்து சொல்லவேணும்."

"வந்து சொல்லுறன், அக்கா. வீட்டை வந்து சொல்லுறன்."

"வா" என்றாள் யோசப்பின். பிறகு செருப்புச் சத்தம் கொட்டிலுக்குள் போனது.

கத்தரீனா பொதியை மேசையில் வைத்து மெல்லப் பிரித்தாள். கல்லுப்போல் காய்ந்த கட்டா. ஒரு துளி ஈரம் இல்லை. வாசம் எழும்பி வீட்டை நிறைத்தது. அருளம்பலம் மாஸ்டர் மூக்கைப் பொத்தவில்லை. கொஞ்சம் பின்னுக்குப் போய் நின்றார், அவ்வளவுதான்.

நான் பேப்பரைப் பார்த்தேன். ஒவ்வொரு மீனும் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. ஒரு பக்கத்திலும் செத்த முகம் ஒன்றும் இல்லை. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள். மணமகன் தேவை. மணமகள் தேவை.

கத்தரீனாவுக்கு அதைக் காட்டினேன். அவள் அந்தத் தாளைக் கையால் நீவி நீவி மடித்து வைத்தாள்.

"இது கொண்டுபோறதுக்கு ஆள்?" என்று றஜனிதான் கேட்டாள். தபால்காரி அல்லவா.

"புதன்கிழமை என்ரை மச்சான் ரொறொன்ரோ போறார்" என்றார் மாஸ்டர். "நான் அவரோடை கதைக்கிறன். இஞ்சை எங்கடை திருநெல்வேலியிலை காத்து இழுத்து ஒட்டிக் குடுக்கிற கடை இருக்குது. ரெண்டு தரம் ஒட்டுவியுங்கோ. எனக்காக."

"மச்சானும் சைவமோ, மாஸ்டர்?"

"என்னை விடச் சைவம்."

"அப்ப உள்ளுக்கு என்ன எண்டு சொல்லுவியள்?"

மாஸ்டர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அதற்குள் இருந்து பதில் வந்தது.

"பேப்பர்."

அவருடைய ஸ்கூட்டர் ஒழுங்கையால் போய் மறைந்ததும் மழை தொடங்கியது. கத்தரீனா குசினிக்குள் பாடத் தொடங்கினாள். நத்தார்ப் பாட்டு. இன்னும் நாள் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒருமுறையாவது வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று இருந்தேன்.

றஜனி தொலைபேசியில் தம்பிக்கு எழுதினாள்: 'அந்தப் பொடியன்ரை பேர் என்ன? முழுப்பேர். ஒவ்வொரு எழுத்தா அனுப்பு. கெதியா.'

நானும் எட்டிப் பார்த்தேன். செய்திக்குக் கீழே ஒரே ஒரு சரி அடையாளம் விழுந்திருந்தது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது விழவில்லை. தொலைபேசியைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டார்கள்போல.

"எப்ப காட்டாலை வருவினமாம்?" என்று கேட்டேன்.

"தெரியாது அப்பா" என்றாள் றஜனி. "புதனுக்கு முதல் வந்தால் சரி."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மழையையும் தாண்டிக் கேட்டது.

"பேர் வந்திட்டுதோ, பிள்ளை?"